பீப் சத்தம், பூட்டிய அறை, பத்து மடங்கு ‘ஃபைன்’: பாலக்காட்டு ஜவுளிக்கடை நிகழ்வு ஒன்றின் ஆய்வு

கடை வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்குச் சட்டம் தந்திருக்கும் அதிகாரம், உங்களுக்கும் எனக்கும் இருப்பதைவிடக் கொஞ்சம்கூட அதிகமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் நிகழ்வில் சம்பந்தப்பட்ட ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை. அறையில் வைத்தவர்களுக்கும் தெரியாது, அறையில் உட்கார்ந்தவருக்கும் தெரியாது, கடன் வாங்கிய பணத்தோடு பஸ் ஏறி வந்த கணவருக்கும் தெரியாது.

நான் சித்தூர் பக்கம் வழக்கறிஞராக இருக்கிறேன். ஆந்திராவில் இருக்கும் சித்தூர் இல்லை, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான் என்னிடம் பெரும்பாலும் வருகிறார்கள். இந்த வழக்கில் நான் அந்தப் பெண்ணுக்காக நிற்கிறேன், அதனால் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் யார் பெயரும், கடையின் பெயரும், செக்யூரிட்டியை அனுப்பிய ஏஜென்சியின் பெயரும் இங்கே வராது. எழுதலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “எழுதுங்க சார், இன்னொருத்திக்கு இப்படி ஆகக் கூடாதுங்க” என்றார்.

நடந்தது இதுதான்

போன ஓணத்துக்கு முந்தின வாரம். வீட்டிலேயே தையல் வேலை செய்யும் பெண், எட்டாவது படிக்கும் மகள், நாத்தனார் மூன்று பேரும் பாலக்காடு டவுனுக்குப் போயிருக்கிறார்கள். முதலில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் முகத்துக்குப் பூசும் கிரீம் ஒன்று, 285 ரூபாய், நாத்தனாரின் சாமான்களோடு சேர்த்து ஒரே பில். பில் நாத்தனாரின் பர்ஸில், கிரீம் இவருடைய கைப்பையில். அப்புறம் நாத்தனார் செருப்புக் கடைக்குப் போய்விட, அம்மாவும் மகளும் பெரிய ஜவுளிக்கடைக்குள் போனார்கள். ஒரு சேலை, மகளுக்குப் பாவாடை சட்டை, பணம் கட்டி பில் வாங்கி வெளியே வரும்போது வாசல் கேட் ‘பீப்’ அடித்தது.

செக்யூரிட்டி அறுபது வயதை ஒட்டியவர், பொள்ளாச்சிப் பக்கம். “ஏம்மா, நில்லும்மா. பையத் தொற” என்றார். இவரும் திறந்து காட்டினார். துணிக்கெல்லாம் பில் இருந்தது. கைப்பையில் இருந்த கிரீமை எடுத்து “இதுக்கு பில் எங்க?” என்று கேட்க, “அது வேற கடையில வாங்குனதுங்ணா, பில்லு எங்க நாத்துனாகிட்ட இருக்குது” என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கடையிலும் கீழ்த்தளத்தில் காஸ்மெட்டிக்ஸ் பிரிவு உண்டு, அதே கம்பெனி கிரீம் அங்கேயும் விற்கிறார்கள். சூப்பர்வைசர் வந்தார், மலையாளத்தில் சத்தம் போட்டார், சுற்றி ஆள் கூடியது. லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு இருவரையும் கூட்டிப் போனார்கள்.

அங்கே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விற்பனைப் பிரிவில் இருக்கும் பெண் ஒருவர் வந்து உடம்பைத் தடவிச் சோதித்தார், மகளின் கண் முன்னால். பிறகு ஒரு வெள்ளைத்தாள். ‘நான் கிரீம் திருடினேன், மன்னித்துவிடுங்கள், பத்து மடங்கு அபராதம் கட்டுகிறேன்’ என்று தமிழிலேயே எழுதச் சொல்லி, செக்யூரிட்டிதான் வாக்கியத்தைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். பணம் வராவிட்டால் போலீஸைக் கூப்பிட்டு, போட்டோவை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவோம் என்றும் சொன்னார்கள். கணவருக்கு அவர்களே போன் செய்தார்கள். தென்னந்தோப்பில் வேலையாக இருந்தவர், தோட்டக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2,850 ரூபாய் கட்டினார். ரசீது கிடையாது. கிரீமையும் திருப்பித் தரவில்லை. சரக்கு இறக்கும் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே நாத்தனார் பர்ஸிலிருந்து பில் கிடைத்துவிட்டது.

மறுநாள் அந்தக் கணவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல. “பணம் போனாப் போகுதுங்க சார். அந்தத் தாள்ல எம் பொண்டாட்டி கையெழுத்து இருக்குதுங்களே, அத வெச்சு நாளைக்கு ஏதாச்சும் பண்ணிருவாங்களா?”

பீப் அடித்தது எது?

இதை யாருமே யோசிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. வாசலில் நிற்கும் அந்த இரண்டு தூண்களுக்குத் திருட்டு தெரியாது, துணியில் குத்தியிருக்கும் டேக் மட்டும்தான் தெரியும். பில் போடும் இடத்தில் காந்தக் கருவியில் வைத்து அந்த டேக்கைக் கழற்ற வேண்டும். கழற்ற மறந்தால் பணம் கட்டிய துணிக்கும் கேட் கத்தும். கிரீம் டப்பாவில் எந்த டேக்கும் இல்லை, ஆகவே கிரீமுக்காகக் கேட் கத்தியிருக்கவே முடியாது. வீட்டில் போய்ச் சேலையைப் பிரித்தபோது முந்தானை மடிப்பில் பிளாஸ்டிக் டேக் அப்படியே இருந்தது. தையல்காரர் என்பதால் அதை உடைத்துக் கழற்ற அவருக்குத் தெரியும், நல்லவேளையாகக் கை வைக்கவில்லை. அந்தச் சேலை டேக்கோடும் பில்லோடும் இப்போது வழக்கின் முக்கியமான சாட்சிப் பொருள். பின்வாசலில் கேட் இல்லாததால் இரண்டாவது முறை பீப் அடிக்கவும் இல்லை, அடித்திருந்தால் அங்கேயே விஷயம் வெளிப்பட்டிருக்கும்.

கிரீம் டப்பாவின் அடியில் ஃபேன்ஸி ஸ்டோரின் விலை ஸ்டிக்கர் வேறு இருந்ததாம். திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பையைச் சோதிக்கலாமா?

கேட்கலாம். பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்பதும், பையைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்பதும் தவறில்லை, கடை அவர்களுடைய இடம். உள்ளே நுழையும்போது பையைக் கவுண்டரில் வைக்கச் சொல்லலாம், மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கலாம். ஆனால் நாம் சம்மதித்தால்தான் சோதனை. சம்மதம் இல்லாமல் பைக்குள் கை விடுவதற்கும், உடம்பைத் தொட்டுப் பார்ப்பதற்கும் எந்தச் சட்டத்திலும் செக்யூரிட்டிக்கு அதிகாரம் இல்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 49-வது பிரிவைப் பாருங்கள். ஒருவரைத் தனிநபர் பிடித்துப் போலீஸிடம் ஒப்படைத்தாலும் கூட, அவர் உடம்பைச் சோதிக்கும் அதிகாரத்தை அந்தப் பிரிவு பிடித்தவரிடம் கொடுக்கவில்லை, ஒப்படைக்கப்பட்ட போலீஸ் அதிகாரியிடம்தான் கொடுத்திருக்கிறது. பெண்ணாக இருந்தால் பெண்தான், அதுவும் கண்ணியத்தோடு சோதிக்க வேண்டும் என்கிறது. “நாங்க லேடி ஸ்டாஃபை வெச்சுத்தானே செக் பண்ணினோம்” என்று கடைத் தரப்பில் சொல்கிறார்கள். சோதித்தது பெண்ணா ஆணா என்பது அதற்கு அடுத்த கேள்வி. சோதிக்க அதிகாரமே இல்லை என்பதுதான் முதல் பதில்.

விமான நிலையத்தில் சோதிக்கிறார்களே என்று பலர் கேட்பார்கள். அங்கே நிற்பது மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை, 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அரசுப் படை, கைது செய்யவும் சோதிக்கவும் அந்தச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், பஸ் ஸ்டாண்ட் வணிக வளாகம் ஆகிய இடங்களில் நிற்பவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு குடிமகன்.

பிடித்து வைக்கலாமா?

இந்த வழக்கின் உயிர்நாடி இங்கேதான். தனிநபர் ஒருவர் இன்னொருவரைப் பிடிப்பதைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-வது பிரிவு அனுமதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதே இடத்தில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு இருக்கிறது. தலைமறைவானவர் என்று நீதிமன்றம் அறிவித்த குற்றவாளிகளைத் தவிர்த்துப் பார்த்தால் அது கேட்பவை மூன்று. குற்றம் பிடிப்பவரின் கண் முன்னால் நடந்திருக்க வேண்டும். அந்தக் குற்றம் வாரன்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடியதாகவும், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காததாகவும், இரண்டுமாகச் சேர்ந்தே இருக்க வேண்டும். பிடித்தவரைத் தேவையில்லாத தாமதம் இல்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும்.

முதலாவது இங்கே இல்லை. கிரீமை அலமாரியிலிருந்து எடுத்ததை யாரும் பார்க்கவில்லை, எடுக்கவே இல்லை என்னும்போது எப்படிப் பார்க்க முடியும்? சந்தேகப்பட்டோம், பீப் அடித்தது, பில் இல்லை என்பதெல்லாம் ‘கண் முன்னால்’ ஆகாது.

இரண்டாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவில் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை தண்டனை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல்முறை தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் தண்டனை சமூக சேவைதான். இது பழைய சட்டத்தில் இல்லாதது. அதோடு, 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டை ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும் குற்றமாகவும், வாரன்ட் இல்லாமல் போலீஸே கைது செய்ய முடியாத குற்றமாகவும் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால், 285 ரூபாய்க் கிரீமை ஒருவர் நிஜமாகவே எடுத்து, செக்யூரிட்டி நிஜமாகவே பார்த்திருந்தாலும் 40-வது பிரிவு அவருக்குக் கைகொடுக்காது. கடைத் தரப்பு வக்கீல் இதற்கு அதே நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவைக் காட்டுவார், காட்டட்டும்: பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டுக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை, ஜாமீன் உரிமை கிடையாது, கடையும் அப்படிப்பட்ட கட்டடம்தான் என்பது அவர் வாதமாக இருக்கும். வாதிடத்தக்க விஷயம்தான், நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால்கூட முதல் நிபந்தனையும் மூன்றாவது நிபந்தனையும் அப்படியே நிற்கின்றன.

மூன்றாவது நிபந்தனையைத்தான் கடைத் தரப்பு தலைகீழாகப் படிக்கிறது. “ஆறு மணி நேரம் டைம் இருக்கு, நாங்க ரெண்டரை மணி நேரத்திலேயே விட்டுட்டோம்” என்கிறார்கள். ஆறு மணி நேரம் என்பது போலீஸிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான வெளி எல்லை. மலைக்காட்டில் பிடித்தவர் நடந்து வந்து சேர நேரமாகலாம், அதற்காக வைத்தது. பாலக்காடு டவுனில் 112-க்கு அடித்தால் போலீஸ் வண்டி வரப்போகிறது. இவர்கள் அந்த நேரம் முழுக்கப் போலீஸைக் கூப்பிடவே இல்லை. போலீஸைக் கூப்பிடுவோம் என்று மிரட்ட மட்டும் செய்தார்கள். ஒப்படைக்கும் எண்ணமே இல்லாமல் பிடித்து வைத்தால் அதற்குப் பெயர் கைது அல்ல, சட்டவிரோதமாக அடைத்து வைத்தல். நியாய சன்ஹிதாவின் 127(2) பிரிவு, ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கதவைப் பூட்டியிருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை, ஓர் எல்லையைத் தாண்டிப் போக முடியாமல் தடுத்தாலே போதும்.

தற்காப்பு உரிமையையும் சொல்வார்கள். உடைமையைத் திருட்டிலிருந்து காக்கும் உரிமை அதே சன்ஹிதாவின் 35-வது பிரிவில் எல்லோருக்கும் உண்டு, செக்யூரிட்டிக்கும் உண்டு. 37-வது பிரிவு அதற்கு எல்லை கட்டுகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அரசு அதிகாரிகளிடம் போக நேரம் இருக்கும்போது அந்த உரிமை கிடையாது.

அந்தத் தாளும் அந்தப் பணமும்

கணவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தத் தாளுக்குப் பயப்பட வேண்டாம் என்றுதான் சொன்னேன். மிரட்டியும் வற்புறுத்தியும் வாங்கிய ஒப்புதலைத் தள்ளிவைக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 22-வது பிரிவு இருக்கிறது. செக்யூரிட்டி போலீஸ் இல்லை என்பதால் அவரிடம் எழுதிக் கொடுத்தது தானாகவே செல்லாததாகிவிடாது, அதனால்தான் எந்த நிலையில் எழுதினார் என்பதை உடனே பதிவு செய்தாக வேண்டும். தாமதமாகப் போனால் அந்தத் தாள் பலம் பெறும். இன்னொரு பக்கம், அந்தத் தாள் கடைக்கு எதிராகவே திரும்புகிறது: ஒப்புதல் வாங்குவதற்காக அடைத்து வைத்தால் 127(8), அதற்கு மூன்று ஆண்டு வரை.

பணம் அதைவிடப் பெரிய விஷயம். ‘திருடினால் பத்து மடங்கு அபராதம்’ என்று எத்தனை கடைகளில் போர்டு பார்த்திருக்கிறோம்! குற்றத்துக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு, கடைக்காரருக்குக் கிடையாது, போர்டு மாட்டியதால் வந்துவிடாது. பெயரைக் கெடுப்பேன் என்று பயமுறுத்திப் பணம் வாங்கினால் அது 308-வது பிரிவில் மிரட்டிப் பறித்தல், ஏழு ஆண்டு வரை தண்டனை. சட்டத்தில் ‘தீங்கு’ என்ற சொல்லுக்குள் மானத்துக்கு வரும் தீங்கும் அடக்கம். 285 ரூபாய்த் திருட்டுக்கு, அதுவும் நடக்காத திருட்டுக்கு, சட்டம் சொல்வது சமூக சேவை. அதைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு இவர்கள் செய்ததற்கு ஏழு ஆண்டு. இந்த ஒப்பீட்டைக் கடை முதலாளிகள் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு அச்சடித்துக் கொடுத்தால் நல்லது.

செக்யூரிட்டியின் பக்கம்

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனாலும் அவரை மட்டும் பலி கொடுத்துவிட்டுக் கடையும் ஏஜென்சியும் நழுவுவதை ஏற்க மாட்டேன். 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் முழுப் பொறுப்பையும் முதலில் ஏஜென்சியின் தலையில்தான் வைக்கிறது. உரிமம் வேண்டும். ஆட்கள் 18-லிருந்து 65 வயதுக்குள் இருக்க வேண்டும், நடத்தை விசாரித்திருக்க வேண்டும், பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், போட்டோ அடையாள அட்டை கொடுத்திருக்க வேண்டும். மத்திய அரசின் 2006 மாதிரி விதிகள் வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாள் பயிற்சி என்று சொன்னன, 2020-இல் அவற்றின் இடத்தில் புதிய மாதிரி விதிகள் வந்தன. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் இது குறைவு. பயிற்சிப் பாடத்தில் தண்டனைச் சட்டத்தின் அடிப்படை, தற்காப்பு உரிமை, போலீஸில் புகார் பதிவது எப்படி என்பதெல்லாம் இருக்கிறது. இந்தப் பெரியவருக்கு ஏஜென்சி கொடுத்த பயிற்சி, சட்டையும் தொப்பியும் விசிலும்தான். அடையாள அட்டை இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலை, உட்கார நாற்காலி கிடையாது. ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதால் கேரளம் 2018-இல் கடைத் தொழிலாளர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது, தமிழ்நாடு 2021-இல் கொண்டுவந்தது. வாசலில் நிற்பவருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

எல்லைப் பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுக்க 25,000 என்று கட்டணத்தைச் சட்டமே சொல்கிறது. கோயம்புத்தூரில் உரிமம் வாங்கிய ஏஜென்சி வாளையாரைத் தாண்டி ஆள் அனுப்பினால் கேரள உரிமம் தனியாக வேண்டும். இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த வழக்கில் ஏஜென்சி எல்லைக்கு அந்தப் பக்கத்தது. கேரள உரிமம் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. போலீஸ், ராணுவ உடை போலத் தோன்றும் சீருடை போட்டாலும் குற்றம்தான், அதில் அணிந்தவரோடு ஏஜென்சி உரிமையாளரும் சேர்ந்து மாட்டுவார்.

கடை வாசலுக்கு வெளியே ரோடு தொடங்கியதும் செக்யூரிட்டியின் பேச்சு இன்னும் செல்லாது. வண்டிக்குப் பூட்டுப் போடுவது, டயரில் காற்றைப் பிடுங்குவது, இளநீர் வண்டிக்காரரைத் துரத்துவது எதற்கும் அதிகாரம் இல்லை. சாலையோர வியாபாரியை அப்புறப்படுத்த உள்ளாட்சிக்கே 30 நாள் நோட்டீஸ் வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

புகார் போன வழி

பாலக்காட்டில் நடந்ததற்கு அங்கேதான் போக வேண்டும் என்று நினைத்து அலைய வேண்டாம். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு எல்லையைப் பார்க்காமல் பதியச் சொல்கிறது. நாங்கள் முதலில் போன இடத்தில் “சின்ன விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க” என்றார்கள். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதிலும் நடக்காவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம் என்று அதே பிரிவு சொல்வதை எடுத்துக் காட்டிய பிறகு பதிந்தார்கள். புகாரைத் தமிழிலேயே எழுதினோம். நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையைச் சொல்லி மனு கொடுக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350-வது பிரிவு தருகிறது. மலையாளத்தில் யாரோ எழுதிக் கொடுத்ததைப் புரியாமல் கையெழுத்துப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றும் தயங்க வேண்டாம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி முதல் வாரமே கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே போகும், சில வாரம் விட்டால் எதுவும் மிஞ்சாது. அப்புறம் போலீஸ் கேட்டு வாங்கியதில் வாசல், பில் கவுண்டர், லிஃப்ட் நடைபாதை மூன்றும் கிடைத்திருக்கின்றன. அறைக்குள் கேமரா இல்லை. ஆனால் அறைக்குள் போன நேரமும் வெளியே வந்த நேரமும் நடைபாதைப் பதிவில் தெளிவாக இருக்கின்றன, பில் கவுண்டரில் டேக் கழற்றாமல் சேலையை மடித்துக் கொடுப்பதும் இருக்கிறது.

வழக்கு இப்போது 127(2)-இல் நிற்கிறது. 127(8), 308 இரண்டையும் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறோம். கடையிலிருந்து ஆள் வந்து, 2,850 ரூபாயையும் அதற்கு மேல் ஒரு தொகையையும் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் பெண் தாளைக் கேட்டார், தாள் காணாமல் போய்விட்டது என்றார்கள், பேச்சு அதோடு நின்றது. 308 சேர்ந்துவிட்டால் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளவும் முடியாது, உயர் நீதிமன்றம் போனால்தான் வழி. சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கு நஷ்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போட, வெளியே விட்ட நாளிலிருந்து ஓராண்டுதான் காலக்கெடு. அடுத்த ஓணத்துக்கு முன்னால் அதைத் தாக்கல் செய்கிறோம், கடை, ஏஜென்சி, சூப்பர்வைசர் மூவரையும் பிரதிவாதிகளாகச் சேர்த்து. மகளுக்காகத் தனியாக ஒரு கோரிக்கையும் அதில் இருக்கும், ஏனென்றால் அந்த அறையில் அந்தக் குழந்தையும்தான் இருந்தாள்.